நான்கு குரல், ஒரு முழு பேண்ட்: ஸ்விங் இசை மீண்டது எப்படி? நம்ம ஊர் ஸ்விங் மீளாதது ஏன்?

ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறவரா நீங்கள்? வார இறுதியில் சைனிக்புரி பக்கம் காபி குடிக்கப் போயிருப்பீர்கள். கடை ஸ்பீக்கரில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று ஓடினால், உங்கள் கால் தானாகவே தாளம் போட்டிருக்கும். யார் பாடியது, எந்த வருடம் என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் கால் மட்டும் நிற்காது.

அந்த இசைக்குப் பெயர் ஸ்விங். 1930-களில் அமெரிக்க நடன அரங்குகளை ஆண்ட ஜாஸ் வகை. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அதன் பொற்காலம் முடிந்துவிட்டது. இருந்தும் 1997-ல் 'தி மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர்' என்ற நான்கு பேர் கொண்ட பாடகர் குழு, 'ஸ்விங்' என்றே பெயர் வைத்து ஒரு ஆல்பம் போட்டது. 16 பேர் வாசித்ததை நான்கு குரல்கள் பாடின.

அதே காலத்தில் மும்பை, கொல்கத்தா ஹோட்டல்களிலும் ஸ்விங் ஒலித்தது. அங்கிருந்து நம் சினிமாவுக்குள்ளும் வந்தது. அதை ஏன் இப்படி யாராலும் எளிதில் மீட்க முடியவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஸ்விங் என்றால் என்ன?

இசை தெரியாதவர்களும் இதை வாயாலேயே செய்து பார்க்கலாம். கையால் சீராகத் தாளம் போடுங்க. ஒவ்வொரு தட்டுக்கும் 'தகிட' என்று சொல்லுங்க: தகிட, தகிட, தகிட, தகிட. இதுதான் திஸ்ர நடை. இப்போது நடுவில் இருக்கும் 'கி'யை மட்டும் வாயை மூடி விழுங்கிவிடுங்க: த-ட, த-ட, த-ட. நீண்டது ஒன்று, குட்டையானது ஒன்று. அவ்வளவுதான், ஸ்விங்கின் நடை கிடைத்துவிட்டது.

எண்ணில் சொன்னால், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு அரை விநாடி. மேற்கத்திய இசையில் வழக்கமாக அதை இரண்டாகப் பிரித்தால் 0.25, 0.25 எனச் சமமாக வரும். ஸ்விங்கில் தோராயமாக 0.33, 0.17. இந்த 2:1 விகிதமும் நிலையானது இல்லை. வேகம் கூடக் கூட இரண்டு பாதியும் சமத்தை நோக்கி நகரும், வேகம் குறைந்தால் வித்தியாசம் இன்னும் விரியும்.

காதுக்கே பிடிபடாத இன்னொரு விஷயமும் உண்டு. 2022-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 450-க்கும் மேற்பட்ட ஜாஸ் தனி வாசிப்புகளைக் கணினியில் அளந்து பார்த்தார்கள். வாசிப்பவர் தட்டின் தொடக்கத்தில் மிகக் கொஞ்சம் தாமதமாக வருகிறார், எதிர்த் தட்டில் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார். சோதனைக்காக 30 மில்லி விநாடி அளவுக்கு இந்தத் தாமதத்தைச் சேர்த்த பதிவுகளே அதிகம் ஸ்விங் ஆவதாக ஜாஸ் கலைஞர்கள் சொன்னார்கள். ஆனால் தாமதம் இருப்பதை அவர்களாலும் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை!

இதனால்தான் ஸ்விங்கைத் தாளில் முழுதாக எழுத முடியாது. ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இந்தப் புள்ளியை மனதில் வையுங்க, கடைசியில் தேவைப்படும்.

உச்சமும் வீழ்ச்சியும்: காரணங்களில் ஒன்று நம்ம ஊர் அரக்கு

ஸ்விங் யுகத்தின் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படும் நாள் 1935 ஆகஸ்ட் 21. லாஸ் ஏஞ்சலஸின் பாலமார் நடன அரங்கில் பெனி குட்மன் குழு வாசித்த இரவு. கூட்டம் கொண்டாடித் தீர்த்தது. 'ஸ்விங்கின் ராஜா' பட்டம் குட்மனுக்குப் போனது. ஆனால் அவர் கையில் இருந்த முக்கியமான இசைக்குறிப்புகளை எழுதியவர் ஃப்ளெட்சர் ஹென்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர். எந்த வாத்தியம் எப்போது நுழைய வேண்டும், டிரம்பெட் கேள்விக்கு சாக்ஸபோன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வரி வரியாக அமைப்பதற்கு 'அரேஞ்ச்மென்ட்' என்று பெயர். ஸ்விங்கின் உயிர் அதில்தான் இருந்தது.

அடுத்த சில வருடங்கள் அமெரிக்க இளைஞர்களின் பாப் இசையே ஸ்விங்தான். பிறகு போர் வந்தது.

- இசைத்தட்டுகள் அப்போது ஷெல்லாக்கில், அதாவது அரக்கில் செய்யப்பட்டன. அந்த அரக்கின் முக்கிய ஆதாரம் இந்தியா. போரால் வரத்து சிக்கலானது, ராணுவத்துக்கும் அரக்கு தேவைப்பட்டது. 1942-ல் ராணுவம் சாராத பயன்பாட்டை அமெரிக்க அரசு 70% வெட்டியது.
- அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பெரிய நிறுவனங்களோடு முழு சமரசம் வர 1944 நவம்பர் ஆனது. வாத்தியக்காரர்கள் பதிவு செய்ய முடியாத அந்த இடைவெளியில், சங்கத்தில் இல்லாத பாடகர்கள் முன்னுக்கு வந்தார்கள்.
- 1944-ல் நடன விடுதிகள் மீது 30% வரி விழுந்தது. 16 பேருக்குச் சம்பளம் கொடுத்துக் குழு நடத்துவது கட்டுப்படியாகவில்லை.

1946 முடிவதற்குள் பெனி குட்மன், உட்டி ஹெர்மன், டாமி டார்ஸி, ஹேரி ஜேம்ஸ் எனப் பெரிய தலைகள் வரிசையாகக் குழுவைக் கலைத்தார்கள். ஆனால் அவர்களின் இசைத்தட்டுகள் வீடு வீடாக இருந்தன. இசைக்குறிப்புகளும் கலைஞர்களின் பெயர்களும் பெருமளவு பிழைத்தன.

நான்கு பேர் எப்படி 16 பேர் ஆனார்கள்?

ஸ்விங்கைத் திரும்ப வாசிப்பது ஒரு வழி. மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் எடுத்தது வேறு வழி. அதன் பெயர் 'வோக்கலீஸ்'.

நம் சினிமாவை வைத்துச் சொன்னால் சட்டெனப் புரியும். மெட்டுக்குப் பாட்டு எழுதுவது நமக்குத் தெரியும். பல்லவிக்கும் சரணத்துக்கும் வார்த்தை உண்டு. நடுவில் வரும் இடையிசைக்குக் கிடையாது. இளையராஜா பாட்டு ஒன்றின் இடையிசையில் புல்லாங்குழல் போடும் ஒவ்வொரு வளைவுக்கும், வயலின் கூட்டத்தின் ஒவ்வொரு இழுப்புக்கும், ஒரு ஸ்வரம் விடாமல் ஒரு கவிஞர் வார்த்தை எழுதி, அதைப் பாடகர்கள் பாடினால் எப்படி இருக்கும்? அதுதான் வோக்கலீஸ்.

ஜாஸில் 'ஸ்கேட்' என்று இன்னொன்று உண்டு. அர்த்தமில்லாத அசைகளை வைத்து மேடையிலேயே கற்பனையாகப் பாடுவது. அது நம் கற்பனை ஸ்வரத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி. வோக்கலீஸோ ஸ்வரஜதியில் ஸ்வரத்துக்குப் பொருத்தி வரும் சாகித்தியத்துக்கு நெருக்கமானது. ஸ்வரம் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது, சொல் அதன் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும்.

இந்த வகையைக் குழுவாகப் பாடிப் பிரபலமாக்கியவர்கள் டேவ் லாம்பர்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ராஸ். கவுன்ட் பேஸி குழுவின் வாத்திய இசையை அப்படியே குரலில் கொண்டுவர 1957-ல் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். முதலில் ஒரு பெரிய பாடகர் கூட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் சுருதி சுத்தமாகப் பாடினார்கள், ஆனால் ஸ்விங் வரவில்லை! கடைசியில் மூன்று பேருமே தங்கள் குரல்களை அடுக்கடுக்காகப் பதிந்து முழு பேண்டையும் உருவாக்கினார்கள். சற்று முன் பார்த்த அந்தச் சின்னத் தாமதத்தின் மதிப்பு இப்போது புரிகிறதா?

இதில் நமக்குப் பக்கத்து ஊர்க் கதையும் உண்டு. 1962-ல் ஆனி ராஸ் விலகியபோது அவர் இடத்துக்கு வந்தவர் யோலாண்ட் பவன். பிறந்த ஊர் கொழும்பு. குழுவின் பெயரே 'லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பவன்' என்று மாறியது. 1963-ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பாடியது உட்பட அவர்களின் நேரடி நிகழ்ச்சிகள் ஆல்பங்களாக வந்தன. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசித்ததை மின்னல் வேகத்தில் சொல்லாகப் பாடிய முதல் வரிசைக் குரல்களில் ஒன்று இலங்கைப் பெண்ணுடையது. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

சரி, 1997 ஆல்பத்தில் என்ன இருக்கிறது?

மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபரை டிம் ஹவுசர் 1969-ல் தொடங்கி, 1972-ல் புதிய ஆட்களோடு மறுபடி கட்டினார். பலரும் அறிந்த நால்வர் அணி ஹவுசர், ஆலன் பால், ஜானிஸ் சீகல், ஷெரில் பென்டைன். 1985-ல் இவர்கள் போட்ட 'வோக்கலீஸ்' ஆல்பத்துக்குப் பாடல் வரிகள் எழுதியவர் அதே ஜான் ஹென்ட்ரிக்ஸ். அதற்கு 12 கிராமி பரிந்துரைகள் கிடைத்தன. அந்தப் பயிற்சியோடுதான் 1997-ல் 'ஸ்விங்' பக்கம் வந்தார்கள்.

இங்கே ஒரு தொழில்நுட்ப ரகசியம். பெரிய பேண்டில் 12, 13 ஊதுகருவிகள் இருந்தாலும், அவை தனித்தனியாகப் பேசுவதில்லை. சாக்ஸபோன் கூட்டம் ஒரே தாளத்தில், நெருக்கமான நான்கு ஸ்வரங்களாகச் சேர்ந்து நகரும். அந்த நெருக்கத்தை நான்கு குரல்களால் பிடித்துவிட முடியும். ஒருவர் மெட்டைப் பிடிக்க, மற்ற மூவரும் அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டே போவார்கள். யாராவது ஒருவர் இம்மி பிசகினாலும் கட்டடம் ஆடிவிடும்.

ஆல்பத்தில் இருக்கும் 'ஸ்டாம்ப் ஆஃப் கிங் போர்ட்டர்' பாட்டை எடுத்துக்கொள்வோம். மூலம், ஜெல்லி ரோல் மார்ட்டன் 1923-ல் பியானோவில் பதிந்த மெட்டு. அதைப் பெரிய பேண்டுக்கு ஏற்றவர் ஃப்ளெட்சர் ஹென்டர்சன். 1935-ல் பதிந்து ஊரறியச் செய்தவர் பெனி குட்மன். 1997-ல் அதே கட்டமைப்பு சொல்லாக மாறி நான்கு வாய்களுக்கு வந்தது. 74 வருடங்களில் நான்கு கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கையின் பெயரும் நமக்குத் தெரியும்.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1938-ல் பாடிய 'எ டிஸ்கெட், எ டாஸ்கெட்', கவுன்ட் பேஸி குழுவின் 'டாப்ஸி', லூயி ஜோர்டன் 1946-ல் வெற்றிபெறச் செய்த 'சூ சூ ச்பூகி' எல்லாம் உண்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 'நுவாஜ்' மெட்டு 'க்ளவுட்ஸ்' ஆக வருகிறது. 1934-ல் பாரிஸில் ஜாங்கோவோடு சேர்ந்து குழு தொடங்கிய வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியே இந்த ஆல்பத்தில் வாசித்திருக்கிறார். அதே வருடம் டிசம்பர் 1-ம் தேதி, 89 வயதில் அவர் காலமானார். இவர் நம்மவர்களுக்கும் தூரமானவர் இல்லை. வயலின் கலைஞர் எல்.சுப்ரமணியத்தோடு சேர்ந்து 1984-ல் 'கான்வர்சேஷன்ஸ்' ஆல்பம் தந்தவர்.

அமெரிக்காவில் அப்போது ஸ்விங் மறுபடி ஃபேஷன் ஆகிக்கொண்டிருந்தது. 1998-ல் ஒரு பிரபல உடை நிறுவனத்தின் விளம்பரத்தில் இளைஞர்கள் காக்கி பேன்ட் போட்டு ஸ்விங் ஆடினார்கள். அந்த அலை சில வருடங்களில் ஓய்ந்தது. மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் மட்டும் தொடர்ந்தது. 2014-ல் ஹவுசர் இறந்த பிறகு டிரிஸ்ட் கர்லெஸ் சேர்ந்தார். 2023 டிசம்பர் 15-ல் லாஸ் ஏஞ்சலஸில் கடைசி நிகழ்ச்சி நடத்தி விடைபெற்றார்கள்.

அதே 1997, தமிழில்

அந்த ஆண்டு ஜனவரியில் வந்த மணிரத்னத்தின் 'இருவர்' ஞாபகம் இருக்கா? 1950-களின் சினிமா உலகத்தைக் காட்ட ஏ.ஆர்.ரஹ்மான் அந்தக் காலத்து ஜாஸ், ஸ்விங் சாயலைக் கையில் எடுத்தார். 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' பாட்டின் ஊதுகருவிகளைக் கவனியுங்க, 'தகிட' நடை கிடைக்கும். 'வெண்ணிலா வெண்ணிலா' பாட்டைப் பாடியவர் ஆஷா போஸ்லே.

அந்தத் தேர்வில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. சரியாக 40 வருடம் முன்னால், 1957-ல் வந்த இந்திப் படம் 'ஆஷா'. அதில் ஸ்விங்கும் ராக் அண்ட் ரோலும் கலந்த 'ஈனா மீனா டீக்கா'வைக் கிஷோர் குமார் ஒரு வடிவத்திலும் ஆஷா போஸ்லே இன்னொரு வடிவத்திலும் பாடினார்கள். இசை சி.ராமச்சந்திரா. அவர் இசையமைப்பாளராக அறிமுகமானதே தமிழில்தான். 'ஜெயக்கொடி', 'வனமோகினி' ஆகியவை அவருடைய தொடக்ககாலப் படங்கள். 'ஆஷா'வை இயக்கிய எம்.வி.ராமனும் தமிழ் சினிமாவிலிருந்து போனவர்தான்.

இந்தியாவுக்கு ஸ்விங் எப்படி வந்தது?

1935-ல் லியான் அபே என்ற கறுப்பின அமெரிக்க வயலின் கலைஞர் தன் குழுவோடு பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்தார். பின்னால் வந்த பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு இங்கேயே தங்கிவிட்டார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியக் கலைஞர்களைச் சேர்த்துக் குழு நடத்தினார். 1945-ல் கல்கத்தாவில் காலரா அவரைக் கொண்டுபோனது.

அவர்களிடம் கேட்டும், கூடவே வாசித்தும் தேறியவர்களில் கோவாக்காரர்கள் அதிகம். அங்குள்ள தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கக் கற்றவர்கள். 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' எனப்பட்ட டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லெட் அவர்களில் ஒருவர். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். சி.ராமச்சந்திராவோடு வேலை செய்தார். 1951-ல் வந்த 'அல்பேலா' படத்தில் தன் குழுவோடு திரையிலும் தோன்றினார்.

ஹோட்டல்களுக்கு வெளியே இந்த இசை பரவிய வழிகள் ராணுவக் கிளப்புகளும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்களும். இப்போது சைனிக்புரியைத் திரும்பிப் பாருங்க. 'சைனிக்' என்றால் படைவீரர். ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு அது. அது இருப்பது 1806-ல் ராணுவ முகாம் நகரமாகப் பெயர் பெற்ற செகந்திராபாத் பக்கம். கன்டோன்மென்ட், ரயில்வே, ஆங்கிலோ இந்தியர்கள் என மூன்றும் சேர்ந்த ஊர். பரங்கிமலை, பெரம்பூர், பொன்மலை தெரிந்த தமிழர்களுக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல. மேற்கத்திய நடன இசை இந்தியாவில் இப்படிப்பட்ட ஊர்களில்தான் வேர்பிடித்தது. ஸ்பீக்கரில் ஓடும் டிரம்பெட் சத்தம் இந்தப் பகுதிக்கு அந்நியமான சத்தம் இல்லை.

பிறகு ஏன் நம்முடையது மீளவில்லை?

ஒரு பழைய இசையை மீட்க மூன்று பொருள்கள் வேண்டும்: ஒலிப்பதிவு, இசைக்குறிப்பு, பெயர். 'கிங் போர்ட்டர்' மெட்டுக்கு மூன்றும் இருந்தன. நம் கணக்கு எப்படி இருக்கிறது?

ஒலிப்பதிவு: ஓரளவுக்கு இருக்கிறது. வெதர்ஃபோர்டும் சிக் சாக்லெட்டும் இசைத்தட்டுகள் பதிந்தார்கள். அதைவிட அதிகம் சினிமாப் பாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் ஹோட்டலில், கிளப்பில், ரயில்வே மண்டபத்தில் ராத்திரி ராத்திரியாக வாசித்ததில் மிகப் பெரும்பகுதி காற்றோடு போனது. ஸ்விங்கைத் தாளில் முழுதாக எழுத முடியாது என்று பார்த்தோம் அல்லவா? பதிவு இல்லாவிட்டால் அந்த நடையும் இல்லை.

இசைக்குறிப்பு: சினிமா ஸ்டுடியோக்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. பதிவு முடிந்ததும் அந்தத் தாளின் வேலை முடிந்தது. அவற்றைக் காப்பகமாகச் சேர்க்கும் வழக்கம் பரவலாக உருவாகவில்லை.

பெயர்: இதுதான் பெரிய ஓட்டை. டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடகர், பாடலாசிரியர் பெயர் வரும். டிரம்பெட் ஊதியவர் பெயர் வராது. அரேஞ்ச்மென்ட் எழுதியவர் 'உதவி'க்குள் ஒதுங்கிவிடுவார், அதுவும் பல சமயம் இருக்காது. ஆண்டனி கொன்சால்வெஸ் என்ற பெயரை இந்தியா முழுக்கத் தெரியும், 1977-ல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி' பாட்டால். அது நிஜ மனிதரின் பெயர். இந்திப் பட உலகின் முக்கியமான அரேஞ்சர்களில் ஒருவர். இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லித்தந்த குரு. மாணவர் பாட்டில் பெயர் வைத்ததால் பெயர் தப்பியது. ஆள் யாரென்பது பலருக்கு இன்றும் தெரியாது.

கோடம்பாக்கமும் விதிவிலக்கல்ல. 50-கள், 60-களின் தமிழ்ப் பாட்டுகளில் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் எத்தனை முறை நம்மைக் கிறங்கடித்திருக்கின்றன! அவற்றில் ஒன்றையாவது வாசித்தவர் பெயரைச் சொல்ல முடியுமா? முடிந்தால் நீங்கள் அபூர்வமான ரசிகர்.

ஹென்டர்சன் விஷயத்திலும் அநியாயம் நடந்தது, பட்டம் வேறொருவருக்குப் போனது. ஆனால் அவர் பெயர் ஆவணத்தில் இருந்தது, அதனால் பின்னால் வந்தவர்கள் கணக்கைத் திருத்த முடிந்தது. பெயரே எழுதாத இடத்தில் எதைத் திருத்துவது?

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் கேளுங்க, இந்த வரிசையில்:

1. பெனி குட்மனின் 1935 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'. உடனே மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபரின் 'ஸ்டாம்ப் ஆஃப் கிங் போர்ட்டர்'. ஊதுகருவி எங்கே சொல்லாகிறது என்று பாருங்க.
2. லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் பவன் குழுவின் நியூபோர்ட் 1963 பதிவு.
3. 'ஈனா மீனா டீக்கா'வின் ஆஷா போஸ்லே வடிவம், அடுத்து 'வெண்ணிலா வெண்ணிலா'. 40 வருட இடைவெளியில் ஒரே குரல்.
4. ஆழமாகப் போக விரும்பினால், நரேஷ் ஃபெர்னாண்டஸ் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்டிராட்' புத்தகம். பம்பாய் ஜாஸ் காலத்தைப் பெயர் பெயராக மீட்டெடுத்த வேலை.

அடுத்தது, உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ராணுவ பேண்ட், ரயில்வே இன்ஸ்டிட்யூட் குழு, தேவாலயப் பாடகர் குழு, மெல்லிசைக் குழு, சினிமா ஆர்கெஸ்ட்ரா என எதிலாவது வாசித்த பெரியவர் இருந்தால், போனை எடுத்து அரை மணி நேரம் அவர் பேச்சைப் பதிந்து வையுங்க. எந்த வருடம், எந்த ஊர், எந்தப் பாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் யார் என்ற நான்கு கேள்வி போதும். பழைய போட்டோ இருந்தால், நிற்பவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்க.

நான்கு பேர் சேர்ந்து பாடி ஒரு காலத்தைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது என்றால், அதற்கு முன்பே யாரோ பதிந்தார்கள், யாரோ எழுதிவைத்தார்கள், யாரோ பெயர் குறித்துவைத்தார்கள். முதல் இரண்டுக்கும் ஸ்டுடியோவும் படிப்பும் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு பேனா போதும்.